வேர்க்கும் குழாய்க்கு ஒரு கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் பணியாற்றிய பள்ளியில் கணினி அறையின் சுவர் ஈரமாகத் தொடங்கியது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்த பள்ளி அது. முதலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை. இரண்டு வாரத்தில் அது முறம் அளவுக்குப் பரவிச் சுண்ணாம்பு உப்பிக்கொண்டு வந்தது. தண்ணீர்க் குழாய் எங்கோ கசிகிறது என்று முடிவு செய்து பிளம்பரை அழைத்தோம். அவர் சுவரை இரண்டு இடங்களில் உடைத்துப் பார்த்தார். அந்தச் சுவருக்குள் தண்ணீர்க் குழாயே போகவில்லை என்பது உடைத்த பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் வந்த ஏ.சி. மெக்கானிக், சுவரைத் துளைத்து வெளியே போகும் செம்புக் குழாய்களைத் தொட்டுப் பார்த்தார். அறைக்குள்ளும் வெளியிலும் குழாய்க்குக் கறுப்பு ஃபோம் உறை இருந்தது. சுவருக்குள் மட்டும் ஒரு முழ நீளத்துக்கு உறை இல்லாமல் விட்டிருந்தார்கள். “லீக் எல்லாம் இல்ல சார். பைப்பு வேர்க்குது, அவ்வளவுதான்” என்றார்.

பட்டதாரி அறிவியல் ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் நிற்கும்போதே சுவர் உடைபட்டது. அந்த ஆசிரியர் நான்தான். குளிர்ந்த நீர் உள்ள டம்ளரின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் தோன்றுவதை எத்தனையோ ஆண்டுகளாக வகுப்பில் செய்துகாட்டி வந்தவன். காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பில் பட்டு நீராகிறது, இதுதான் ஆவி சுருங்குதல் என்று சொல்லி, கரும்பலகையில் எழுதிப்போட்டு, அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். சுவரில் அதே நிகழ்வைப் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

மறுநாள் எட்டாம் வகுப்பில் இதைச் சொன்னேன். மீனவர் குடும்பத்து மாணவி ஒருத்தி கேட்டாள்: “தண்ணிதான காத்துலேந்து வருது சார், அதனால ஏ.சி.க்கு என்ன நஷ்டம்?” உடனே பதில் சொல்ல முடியவில்லை. நாம் வழக்கமாக நிறுத்திக்கொள்ளும் இடத்துக்கு அடுத்த படியை அவள் கேட்டிருந்தாள். அந்தத் துளி எதைக் கொண்டுவந்தது என்பதே அவளுடைய கேள்வி.

நீராவி நீராக மாறும்போது தன்னிடமுள்ள உள்ளுறை வெப்பத்தை வெளிவிடுகிறது. இது ஒன்பதாம் வகுப்புப் பாடம், நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் எங்கே விடுகிறது? எந்தப் பரப்பில் நீராகிறதோ அந்தப் பரப்பிலேயே. இட்லிக் குண்டானின் மூடியைத் திறக்கும்போது ஆவி பட்டுக் கை பொத்துப்போவது இதனால்தான். கொதிநீர் பட்டதைவிட ஆவி பட்ட புண் மோசமாக இருக்கும் என்று நாமே வகுப்பில் சொல்கிறோம். குளிர்ந்த குழாய்க்கும் அதேதான் நடக்கிறது. காற்றிலிருக்கும் ஆவி 30 டிகிரியில் இருப்பதால் நம் கையைச் சுடுவதில்லை. 7 டிகிரியில் இருக்கும் குழாய்க்கு அது சூடுதான்.

எவ்வளவு சூடு என்று பார்த்தால் அசந்துபோவோம். பாடநூலில் நீரின் ஆவியாதல் உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு ஏறத்தாழ 2,260 கிலோஜூல் என்று இருக்கும். அது 100 டிகிரியில் உள்ள மதிப்பு. அறை வெப்பநிலையில் இது இன்னும் கூடுதல், ஏறத்தாழ 2,430 கிலோஜூல். ஒரு கிலோ பனிக்கட்டி உருகத் தேவைப்படுவதோ 334 கிலோஜூல் மட்டுமே. அதாவது குழாயின்மேல் ஒரு லிட்டர் தண்ணீர் வேர்த்து வழிந்தால், ஏழு கிலோ ஐஸை உருக்கும் வெப்பம் அந்தக் குழாய்க்குள் போயிருக்கிறது என்று பொருள். சொட்டுகிற நீரை மக்கில் பிடித்து அளந்தால், உள்ளே போன வெப்பத்தையும் அளந்ததாகும். வெப்ப இழப்பைக் கண்ணால் பார்த்து மக்கால் அளக்கும் வாய்ப்பு வேறு எந்தப் பாடத்தில் கிடைக்கிறது?

இதை வகுப்பில் செய்து பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு ஸ்டீல் டம்ளர், மூடி, ஐஸ், ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு. டம்ளரில் ஐஸும் தண்ணீரும் நிரப்பி, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து, மூடி, ஒரு சிறு தட்டில் வைத்துத் தட்டோடு எடை பார்க்க வேண்டும். அரை மணி நேரம் கழித்துத் துடைக்காமல் மறுபடியும் எடை. எங்களுக்கு 5 கிராம் கூடியது. மூடிய டம்ளரின் எடை எப்படிக் கூடும் என்று பிள்ளைகள் வாதிட்டுக்கொள்வதைக் கேட்க வேண்டும்! தண்ணீர் உள்ளிருந்து ஊறி வருகிறது என்று நம்பும் மாணவர் எந்த வகுப்பிலும் இருப்பார். ஊறி வந்தால் எடை மாறக்கூடாதே என்று இன்னொரு மாணவரே அவருக்குப் பதில் சொல்லிவிடுவார். தராசில் ஒரு கிராம் முன்பின் இருக்கலாம் என்பதையும் அவர்களிடமே சொல்லி, மூன்று முறை செய்யச் சொல்லுங்கள்.

அந்த 5 கிராம் கொண்டுவந்த வெப்பம் ஏறத்தாழ 12 கிலோஜூல். 36 கிராம் ஐஸ் கரைய அது போதும். டம்ளரில் கரைந்த ஐஸ் முழுவதும் இதனால் கரைந்ததல்ல. காற்று நேரடியாகத் தரும் வெப்பமும் சுற்றியுள்ள பொருள்களிலிருந்து வரும் கதிர்வீச்சும் தனி. ஆனாலும் நம் கடற்கரைக் காற்றில், மூடாத குளிர்ந்த பரப்புக்குள் நுழையும் வெப்பத்தில் பாதியை ஒட்டிய பங்கு இந்த வேர்வை வழியாகவே வருகிறது.

இதற்கு அடுத்த வாரம் மாணவர்களை ஐஸ் கம்பெனிக்கு அழைத்துப்போனோம். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை எந்த மீனவக் குப்பத்துப் பிள்ளைக்கும் ஐஸ் கட்டி புதிதல்ல. அது எப்படி உருவாகிறது என்பதைப் பார்த்தவர்கள் குறைவு. பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர். அது பூஜ்ஜியத்துக்கும் கீழே 10 டிகிரி வாக்கில் குளிர்ந்தும் உறையாமல் சுற்றி வருகிறது. அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய உலோக கேன்கள் வரிசையாக இறங்கி நிற்கின்றன. மேலே மரப்பலகை மூடிகள், அவற்றின்மேல்தான் தொழிலாளர்கள் நடக்கிறார்கள். உப்புத் தண்ணீரைக் குளிர்விப்பது அம்மோனியா. அது சாதாரணக் காற்றழுத்தத்தில் பூஜ்ஜியத்துக்கும் கீழே 33 டிகிரியிலேயே கொதிக்கும் பொருள். (அம்மோனியா கண்ணையும் நுரையீரலையும் பதம் பார்க்கும். கம்ப்ரசர் அறைக்குள் மாணவர்களை விடாமல் வாசலில் நின்றே பார்த்தோம். நீங்கள் போனாலும் அப்படியே செய்யுங்கள்.)

கம்ப்ரசருக்குத் திரும்பும் தடித்த குழாயைத் தெர்மாகோல் சுற்றி, மேலே தகரம் போர்த்தியிருந்தார்கள். தகரம் கிழிந்திருந்த ஓரிடத்தில் வெள்ளை வெளேரென்று பனி பிடித்திருந்தது. “பனி பிடிச்சா மெஷின் நல்லா ஓடுதுன்னு அர்த்தம், தம்பி” என்று அங்கிருந்த பெரியவர் பெருமையோடு சொன்னார். அவர் சொன்னதில் பாதி சரி. குழாய்க்குள் குளிர்ச்சி இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. அதே பனி, குளிர்ச்சி வெளியே வீணாகிறது என்பதற்கும் சாட்சி. ஆவி நீராவதோடு நிற்காமல் பனியாகவும் உறைவதால், கிலோவுக்கு இன்னொரு 334 கிலோஜூலையும் சேர்த்தே அது குழாயில் இறக்கிவிட்டுப் போகிறது.

கிழிசலுக்குச் சற்றுத் தள்ளி, உறை முழுக்க ஊறி ஓரிடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அதன்கீழ் ஒரு மாணவன் தன் தண்ணீர் பாட்டிலை வைத்தான். ஒரு மணி நேரத்தில் கால் லிட்டர். தரையில் உட்கார்ந்து அங்கேயே கணக்கு போட்டார்கள். இதே வேகத்தில் சொட்டினால் நாளைக்கு 6 லிட்டர். அது கொண்டுவரும் வெப்பம் ஏறத்தாழ 14,600 கிலோஜூல். 30 டிகிரியில் உள்ள ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர 126 கிலோஜூலும், பிறகு உறையவைக்க 334 கிலோஜூலும், மொத்தம் 460 கிலோஜூல் நீக்க வேண்டும். வகுத்துப் பார்த்தால் 30 கிலோவுக்கு மேல் ஐஸ் செய்திருக்கக்கூடிய குளிர்ச்சி. ஒரே ஒரு சொட்டுமிடத்தில், ஒரே நாளில்! பெரியவர் கணக்கை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு சொட்டும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இதே தண்ணீர் செங்கல்பட்டில் ஏன் இவ்வளவு சொட்டுவதில்லை? என் வீடு செங்கல்பட்டில். தினமும் திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் போய்வந்தவன். கோடைப் பகலில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய ஸ்டீல் பாட்டில், ஏறும்போது லேசாக மங்கியிருக்கும். கடற்கரையை நெருங்கும்போது பையே நனைந்துவிடும். இதற்கான விடை பனிப்புள்ளி. ஒரு பரப்பு எந்த வெப்பநிலைக்குக் கீழே போனால் அதன்மேல் காற்றிலுள்ள ஆவி நீராகத் தொடங்குமோ, அதுதான் பனிப்புள்ளி. இதை அளக்க பிரான்ஸ் நாட்டு மருத்துவர் சார்லஸ் லெ ருவா 1751-ல் செய்த சோதனையை இன்றைக்கும் நாம் செய்யலாம். பளபளப்பான டம்ளரில் சாதாரணத் தண்ணீர், அதற்குள் வெப்பநிலைமானி. ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கிக்கொண்டே வந்து, டம்ளர் முதலில் மங்கும் நொடியில் வெப்பநிலையைக் குறித்தால் போதும். மூச்சுக்காற்று டம்ளரில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பிள்ளைகள் குனிந்து ஊதிவிடுவார்கள்.

ஏப்ரல் மாத மதியம் ஒன்றில் பள்ளியில் எங்களுக்குக் கிடைத்தது 26 டிகிரி. அந்த ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டில் என் வீட்டு மாடியில் செய்தபோது 22. வெயில் அங்கேதான் கடுமை. அதே மாடியில் மாலை கடற்காற்று வந்தபின் செய்தேன். உடம்புக்கு இதமாக இருந்தது, பனிப்புள்ளியோ 25-க்கு ஏறியிருந்தது. காற்று குளிர்ந்திருந்தாலும் ஆவி கூடியிருந்தது. வானிலை அறிக்கையில் வரும் ஒப்பு ஈரப்பத விழுக்காட்டைவிட இந்த ஓர் எண் மாணவர்களுக்குத் தெளிவாக விளங்குகிறது என்பது என் அனுபவம்.

இன்னொரு கணக்கும் அவர்களுக்குப் பிடிக்கும். 32 டிகிரி வெப்பம், 75 விழுக்காடு ஒப்பு ஈரப்பதம் உள்ள காற்றில் கனமீட்டருக்கு ஏறத்தாழ 25 கிராம் நீராவி இருக்கும். 20 அடிக்கு 20 அடி, பத்தடி உயரமுள்ள வகுப்பறையில் ஏறத்தாழ 113 கனமீட்டர் காற்று. அப்படியானால் அந்த அறைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீர் மிதக்கிறது. ஜன்னல் திறந்திருந்தால் கடல் அதை நிரப்பிக்கொண்டே இருக்கும்.

இனி உறைக்கு வருவோம், கணினி அறைச் சுவர் கற்றுக்கொடுத்த பாடம் அதில்தான் இருக்கிறது. குழாயைச் சுற்றி எதையாவது போர்த்தினால் போதும் என்று நினைக்கிறோம். உறை இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். ஒன்று, வெப்பத்தைத் தடுத்துத் தன் வெளிப்பரப்பைப் பனிப்புள்ளிக்கு மேலே வைத்திருப்பது. மற்றது, ஆவியை உள்ளே விடாமல் இருப்பது. இரண்டாவதைத்தான் மறந்துவிடுகிறோம். துணி, கயிறு, பஞ்சு போன்றவற்றின் இடுக்குகள் வழியே ஆவி தாராளமாக நுழையும். வெளியே ஆவியின் அழுத்தம் அதிகம், குளிர்ந்த குழாயை ஒட்டி அது குறைவு. ஆகவே ஆவி குழாயைத் தேடித்தான் போகும். போய், உறைக்குள்ளேயே நீராகும். உறை ஊறும். தெர்மாகோல் வெப்பத்தைத் தடுப்பது அதற்குள் சிறைப்பட்டிருக்கும் காற்றால். அந்தக் காற்றின் இடத்தில் நீர் புகுந்தால் கதை மாறிவிடும். நீர், தெர்மாகோலைப் போல ஏறத்தாழ 17 மடங்கு வெப்பம் கடத்தும். அந்த நீர் பனிக்கட்டியாக உறைந்தால் 60 மடங்கு. உறை இருக்கிறது என்ற நம்பிக்கையில் யாரும் திரும்பிப் பார்ப்பதுமில்லை.

எனவே ஆவித் தடுப்பு வெளிப்பக்கம், அதாவது வெதுவெதுப்பான பக்கம் இருக்க வேண்டும். இணைப்புகளில் நாடா இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். ஏ.சி. குழாய்க்குப் போடும் கறுப்பு ஃபோமில் குமிழ்கள் ஒன்றோடொன்று சேராமல் மூடியவை, அதனால்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் வெயிலில் அது வெடிக்கும், அணில் கடிக்கும். குழாயைத் தாங்கும் இரும்புக் கவ்வி நேராகக் குழாயைப் பற்றியிருந்தால் அந்தக் கவ்வியே வேர்த்துச் சொட்டும். நம் உப்புக் காற்றில் முதலில் துருப்பிடித்து விழுவதும் அதுதான். கடற்கரையோரப் பெரிய விடுதிகளில் 7 டிகிரி வாக்கில் குளிர்ந்த நீரைக் கட்டடம் முழுக்கச் சுற்றவிடும் குழாய்களிலும் இதே தொல்லைதான். மேல்கூரைப் பலகையில் பழுப்பு வட்டம் தெரிந்தால் மேலே எங்கோ ஒரு நாடா பிரிந்திருக்கும்.

மழைக்காலத்தில் இது குறையும் என்று நானும் எண்ணியிருந்தேன். தலைகீழ்! 32 டிகிரிக் காற்றின் பனிப்புள்ளி 27 என்றால், உறையின் மேற்பரப்பு காற்றைவிட ஐந்து டிகிரி வரை குளிர்ந்தாலும் வேர்க்காது. கார்த்திகை மழையில் காற்று 27 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காடு என்று வையுங்கள். பனிப்புள்ளி 25-க்கு மேல் நிற்கும். இடைவெளி இரண்டு டிகிரிகூட இல்லை. கோடையைத் தாங்கிய உறை ஐப்பசி, கார்த்திகையில் வேர்ப்பது இதனால்தான்.

ஒரு சந்தேகத்தை இங்கே தீர்த்துவிடுகிறேன். ஏ.சி.யின் பின்பக்கச் சிறு குழாயிலிருந்து வாளியில் விழும் தண்ணீரும் இப்படித்தானே வருகிறது, அதுவும் நஷ்டமா என்று ஆசிரியர்களே கேட்டிருக்கிறார்கள். அது வேறு. அறைக்காற்றின் ஈரத்தை எடுப்பது ஏ.சி.யின் வேலைகளில் ஒன்று. 1902-ல் அமெரிக்காவின் புரூக்ளினில் வில்லிஸ் கேரியர் இந்த ஏற்பாட்டை வடிவமைத்ததே ஓர் அச்சகத்தில் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தத்தான். அறைக்குள் எடுத்த ஈரத்துக்குச் செலவிட்ட குளிர்ச்சி நமக்குப் பயன்படுகிறது. சுவருக்குள்ளும் மொட்டை மாடியிலும் வேர்க்கும் குழாய் ஊர்க்காற்றை உலர்த்திக்கொண்டிருக்கிறது.

கல்பாக்கத்தைச் சொல்லாமல் விட்டால் எங்கள் பகுதிப் பிள்ளைகள் கோபிப்பார்கள். அங்குள்ள வேக ஈனுலைகளில் குளிர்விப்பானாக ஓடுவது உருகிய சோடியம். 98 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்து கட்டியாகிவிடும். அதனால் அந்தக் குழாய்களைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும். இங்கே ஐஸ் கம்பெனியில் வெப்பம் உள்ளே வராமலிருக்க உறை, சில கிலோமீட்டர் தள்ளி அங்கே வெப்பம் வெளியே போகாமலிருக்க உறை. எந்த உறையில் வேர்வைத் தொல்லை இருக்காது, ஏன் என்று கேட்டுப் பாருங்கள்.

தொடக்க வகுப்புகளுக்கு இவ்வளவு வேண்டியதில்லை. டம்ளர் தண்ணீரில் சிவப்பு மை கலந்து, வெளியே தோன்றும் துளியின் நிறத்தைக் கேட்டாலே ஒரு பாடவேளை போதாது. தராசு கிடைத்தால் எடையும் பார்க்கட்டும். ஜூல் கணக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். ஒன்பதாம் வகுப்பில் உள்ளுறை வெப்பம் நடத்தும்போது சூத்திரத்தைப் பிறகு எழுதி, முதலில் பாட்டிலைச் சொட்டும் இடத்தில் வையுங்கள்.

கேள்வி கேட்ட மாணவி அதோடு விடவில்லை. அவளுடைய ஆயா மீன் விற்பவர். ஐஸின்மேல் ஈரச்சாக்கு போட்டு மூடுவார். ஈரம் காய்ந்தால் குளிரும் என்று மண்பானைப் பாடத்தில் சொன்னீர்களே, அப்படியானால் ஈரச்சாக்கு நல்லதா, நீராவி வந்து ஒட்டிச் சூடாக்கினால் கெட்டதா என்றாள். சாக்கு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றேன். தெர்மாகோல் பெட்டிக்கு வெளியே, வெதுவெதுப்பாக இருக்கும் இடத்தில் என்றால் ஈரம் காயும், கொஞ்சம் குளிர்விக்கும். ஐஸை ஒட்டியே கிடந்தால் சாக்கும் பனிப்புள்ளிக்குக் கீழே போய்விடும். அங்கே ஈரம் காய வழியில்லை, காற்றின் ஆவி வந்து சேரத்தான் வழி.

நம்பாமல் தராசில் வைத்துப் பார்த்தாள். ஈரத்துணியைப் பிழிந்து ஐஸ் டம்ளரைச் சுற்றிக் கட்டி, தட்டோடு எடை. அரை மணி நேரத்தில் எடை குறையவில்லை, கூடியிருந்தது. மறுநாள் காலை ஆயாவின் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டி, சாக்கை வெளியே எடுத்துப் போட்டதாகச் சொன்னாள். ஆயா திட்டினாராம். மதியம் ஐஸ் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிட்டுத்தான் பேசுவேன் என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கு வந்திருந்தாள்.